30 கிலோ பெட்டியை ஏன் விட்டீர்கள்?

குவைத் அப்பாசியாவில் உட்கார்ந்து கணினி விளையாட்டு செய்துகொண்டிருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு,

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்களில் சிலர் செய்து நண்பர்களுக்குள் அனுப்பிக்கொள்ளும் பழைய பாணி சாகச விளையாட்டுகள் என் கைக்கும் வந்தன. விளையாடினேன். உழைப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. புள்ளி புள்ளியாக வரைந்த மரமும், திரையின் அடியில் வரிசையாக நிற்கும் வினைச்சொற்களும், லேசாகத் தள்ளாடி நடக்கும் கதாநாயகனும் அசல் 1990ஆம் ஆண்டுச் சரக்கு போலவே இருக்கின்றன. கதவைத் திறந்து உள்ளே போனால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

உள்ளே என்ன வைத்திருக்கிறீர்கள்? பீட்சா அட்டைப்பெட்டி. ஆர்கேட் இயந்திரம். சுவரில் ஹாலிவுட் விண்வெளிப் படத்தின் போஸ்டர். அலமாரியில் ஒரு ரப்பர் கோழி. எண்பதுகளில் வளர்ந்த அமெரிக்கப் பையன் ஒருவனின் அறை அது. அந்த அறையில் நீங்கள் ஒரு நாளும் இருந்ததில்லை. உங்கள் அப்பாவும் இருந்ததில்லை. அவர் அப்போது நாகர்கோவிலிலோ ராமநாதபுரத்திலோ டவுசர் போட்டுக்கொண்டு, தெருவே சேர்ந்து வாடகைக்கு எடுத்த வீடியோ டெக்கில் விடிய விடிய ரஜினி படம் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். அந்த டெக்கும் உங்கள் விளையாட்டில் இல்லை, அதைச் சுமந்து வந்த சைக்கிளும் இல்லை. யாரோ ஒருவருடைய நினைவுக்கு நீங்கள் ஏன் ஏக்கப்படுகிறீர்கள்?

ரப்பர் கோழி எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியும். 1990இல் வந்த ‘தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்’. நடுவில் கப்பி வைத்த கோழி. ரான் கில்பர்ட்டும் கூட்டாளிகளும் லூகாஸ்ஃபிலிம் அலுவலகத்தில் உட்கார்ந்து ஒருவரையொருவர் சிரிக்க வைக்கச் செய்த வேலை அது. அதற்கு முன்பே, 1987இல் ‘மேனியாக் மேன்ஷன்’ விளையாட்டில் ஒரு மர அறுப்பு இயந்திரத்தை வைத்தார்கள். அதற்கு ஊற்ற அந்த வீடு முழுக்கத் தேடினாலும் பெட்ரோல் கிடைக்காது. அடுத்த ஆண்டு வந்த ‘ஜாக் மெக்கிராக்கன்’ விளையாட்டில் பெட்ரோல் இருந்தது, அதுவும் செவ்வாய்க் கிரகத்தில். இந்த விளையாட்டில் அறுப்பான், அந்த விளையாட்டில் எண்ணெய். இரண்டையும் விளையாடியவன் விழுந்து விழுந்து சிரித்தான். தங்கள் கையில் இருந்ததை, தங்களைத் தெரிந்தவர்களுக்காக அவர்கள் வைத்தார்கள். நீங்கள் அவர்கள் வைத்த பொருளை எடுத்துக்கொண்டீர்கள். வைத்த காரணத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

இன்னும் பின்னால் போங்கள். அட்டாரி 2600இல் வந்த ‘அட்வெஞ்சர்’ விளையாட்டை எழுதியவர் வாரன் ராபினெட். எழுதியவர் பெயரைப் போடும் வழக்கம் அன்றைக்கு அந்த நிறுவனத்தில் இல்லை. அவர் என்ன செய்தார்? கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒற்றைப் புள்ளியை எடுத்துக்கொண்டு போனால் மட்டும் திறக்கும் அறை ஒன்றைக் கட்டி, உள்ளே தன் பெயரை எழுதி வைத்தார். இன்றைக்கு ஈஸ்டர் எக் என்று நாம் சொல்லும் சங்கதி பேர் பெற்றது அந்த அறையால்தான். ‘நான்தான் செய்தேன், நான் இங்கே இருந்தேன்’ என்று சொல்ல ஒரு மனிதனுக்கு வேறு வழி இல்லாமல் பிறந்தது அது. பெயர் போட இடமில்லாதவர்கள் என்ற வகையில் அவருக்கு நம்மைவிட நெருங்கிய சொந்தம் யாராவது உண்டா? நம் பேட்டையின் பெயரையே பாருங்கள். முகவரித் தாளில் ஜலீப் அல் ஷுயூக் என்று இருக்கும். அப்பாசியா என்பது நம் வாயில் புழங்கும் பெயர். டாக்ஸிக்காரர் முதல் ஊரில் இருக்கும் பாட்டி வரை எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். வரைபடத்தில் ஒரு பெயர், வாயில் ஒரு பெயர் உள்ள ஊர் சாகச விளையாட்டுக்கு வாய்ப்பது பெரிய கொடுப்பினை. அதை விட்டுவிட்டு நீங்கள் கரீபியக் கடலில் கப்பல் ஓட்டுகிறீர்கள்.

சரி, நம்மிடம் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஊருக்குப் போகும் பெட்டியிலிருந்து தொடங்குகிறேன்.

சாகச விளையாட்டில் கதாநாயகன் ஏணி, வாளி, கோழி என்று கிடைத்ததையெல்லாம் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான். பைக்கு அடியே கிடையாது. அது அவர்கள் ஊர்க் கிண்டல். நம் பைக்கு விமானத்தில் அளவு உண்டு: 30 கிலோ. ஆகஸ்ட் விடுமுறைக்கு இரண்டு வாரம் முன்பு உங்கள் வீட்டுக் கூடத்தில் விரித்து வைத்த அட்டைப்பெட்டியை நினைத்துப் பாருங்கள். நிடோ டப்பா, டாங்க், கோடாலித் தைலம், பெரியப்பாவுக்கு டார்ச் லைட், சித்திக்குச் சோப்பு, பிஸ்தா, பாதாம். கையில் தூக்கிப் பார்க்கும் தராசில் கொக்கியை மாட்டினால் 33.4. அப்போது வாசலில் மணி அடிக்கும். கீழ் வீட்டு அண்ணன் கையில் ஒரு பொட்டலத்தோடு நிற்பார். ‘ரொம்பச் சின்ன பார்சல்தான் தம்பி, தங்கச்சி பிள்ளைக்கு.’ வாங்கினால் எடை கூடும், வாங்காவிட்டால் உறவு குறையும். எதை எடுப்பது? பெரியப்பாவின் டார்ச்சை எடுத்தால் ஊரில் இறங்கியதும் அவர் முதலில் கேட்பது அதைத்தான். சோப்பை எடுத்தால் சித்தி ஒன்றும் சொல்ல மாட்டார், சொல்லாமலே ஒரு வருஷம் சொல்லுவார். கனமான ஜீன்ஸை உடம்பில் போட்டுக்கொள்ளலாம். பாதாமைச் சட்டைப்பையில் திணிக்கலாம். இதைவிட நல்ல புதிரை எந்த லூகாஸ்ஃபிலிம்காரர் யோசித்தார்? வளைகுடாவில் வேலை செய்த ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் இந்தப் புதிரை விளையாடியிருக்கிறது. நீங்கள் அதைச் சின்ன வயதில் பெட்டி மேல் ஏறி உட்கார்ந்து மூடி அழுத்தி விளையாடியிருக்கிறீர்கள்.

வினைச்சொற்களுக்கு வருவோம். 2017இல் கில்பர்ட்டும் கேரி வின்னிக்கும் பழைய பாணியிலேயே கொண்டுவந்த ‘திம்பிள்வீட் பார்க்’கில் ஒன்பது வினைகள்: திற, மூடு, எடு, கொடு, பார், பேசு, தள்ளு, இழு, பயன்படுத்து. நீங்கள் பத்தாவதாக ஒன்று சேருங்கள்: கல்லி வல்லி, அதாவது ‘விட்டுத் தள்ளு’. எந்தப் பொருள் மேல் அதை அழுத்தினாலும் கதாநாயகன் தோளைக் குலுக்கிவிட்டு நகர வேண்டும். ஒரே ஒரு இடத்தில், எல்லா வழியும் அடைத்துப்போன இடத்தில், அதுதான் விடையாக இருக்க வேண்டும். குவைத்தில் ஒரு வாரம் இருந்தவன்கூட அந்த இடத்தில் சிரிப்பான்.

விசா எண்களை எடுங்கள். உங்களுக்கு 22, அப்பாவுக்கு 18, முதலாளி வீட்டில் வண்டி ஓட்டும் அண்ணனுக்கு 20. ஊரில் இருப்பவனுக்கு அவை வெறும் எண்கள். நமக்கு ஓர் எண்ணைச் சொன்னாலே ஒரு மனிதன் எங்கே தூங்குகிறான், யாரிடம் கேட்டு விடுமுறை எடுக்கிறான், குடும்பத்தைக் கூட்டிவர முடியுமா முடியாதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். உங்கள் விளையாட்டில் பூட்டிய அறைகளுக்கு இந்த எண்களை வையுங்கள். சிரிப்பு கொஞ்சம் கசக்கும். கசக்கட்டும்.

சினிமாவும் நம்மிடம் வேறு மாதிரிதான் வந்து சேர்ந்திருக்கிறது. 2022 பிப்ரவரியில் அனிருத் இசையில், சிவகார்த்திகேயன் எழுதிய ‘அரபிக் குத்து’ வந்தபோது சென்னையில் அதை அரபு என்று நினைத்து ஆடினார்கள். அரபுப் பாடப்புத்தகத்தைப் பையில் சுமந்த பிள்ளைகள் நீங்கள்; அதில் எத்தனை சொல் அரபு, எத்தனை வெறும் ஓசை என்று உங்களுக்குத் தெரியும். பாட்டுக்கும் ஆடினீர்கள், பாட்டைப் பார்த்தும் சிரித்தீர்கள். அதே ஆண்டு ஏப்ரலில் அந்தப் பாட்டு இடம்பெற்ற ‘பீஸ்ட்’ படத்துக்குக் குவைத்தில் அனுமதி கிடைக்கவில்லை. திரையரங்கில் ஓடாத படத்தின் பாட்டு, தெருவெல்லாம் ஓடியது. ‘அரபிக்’ என்று பெயர் வைத்த பாட்டைக் கொண்ட படத்தை நாம் இருக்கும் அரபு நாட்டிலேயே பார்க்க முடியவில்லை என்பதில் இருக்கும் வேடிக்கையை உங்களைத் தவிர யார் எழுதுவார்கள்? சென்னைக்காரருக்கு இந்தக் காது கிடையாது.

இந்த இடத்தில் உங்களை ஒரு விஷயத்தில் எச்சரிக்க வேண்டும். தமிழ் ரெஃபரன்ஸ் வேண்டும் என்று நான் சொன்னதும் வடிவேலு முகத்தை நாலு இடத்தில் ஒட்டிவிட்டு வேலை முடிந்தது என்று வந்து நிற்பீர்கள். அதுவும் கடன் சரக்குதான், கடை மட்டும் வேறு. வடிவேலுவை யார் வேண்டாம் என்றார்கள்? 2019 மே மாதம் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஒரு சுத்தியல் படத்தைப் போட்டு உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று பாகிஸ்தானைச் சேர்ந்த ஒரு ஃபேஸ்புக் பக்கம் கேட்டது. நம் ஆள் ஒருவர் 2001ஆம் ஆண்டு ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு நடித்த காண்ட்ராக்டர் நேசமணியின் தலையில் விழுந்த சுத்தியலை வைத்துப் பதில் சொன்னார். நேசமணிக்கு அடி எப்படி இருக்கிறது என்று இன்னொருவர் கேட்டார். ஒரே நாளில் உலகமே நேசமணிக்காகப் பிரார்த்தனை செய்தது. யார் இந்த நேசமணி என்று தெரியாதவர்களும் சேர்ந்து செய்தார்கள். அந்தக் கிண்டல் எடுபட்டதற்குக் காரணம் வடிவேலு முகம் மட்டும் அல்ல. கேட்ட கேள்விக்கு, கேட்ட இடத்தில், முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சொன்ன பதில் அது. இடம் பார்த்து வைத்தால் நேசமணியும் வரட்டும், ‘கரகாட்டக்காரன்’ வாழைப்பழமும் வரட்டும். ஒட்டுப்படமாக வேண்டாம்.

உள்ளே இருப்பவனுக்கு மட்டும் புரியும் கிண்டல் வெளியே இருப்பவனை என்ன செய்யும் என்பதையும் யோசியுங்கள். ‘மங்கி ஐலண்ட்’ நெகிழ்வட்டுகளில் வந்த காலத்தில் காட்டில் ஒரு மரத்தடிக்கட்டை இருந்தது. அதைப் பார்த்தால் அடியில் சுரங்கம் இருப்பதாகச் சொல்லி, 22ஆவது வட்டைப் போடு, 36ஆவதைப் போடு, 114ஆவதைப் போடு என்று கேட்கும். அத்தனை வட்டு கிடையவே கிடையாது. அடிக்கடி வட்டு மாற்றச் சொல்லும் விளையாட்டுகளைப் பற்றிய நையாண்டி அது. பலருக்குப் புரியவில்லை. காணாமல்போன வட்டைக் கேட்டு உதவி எண்ணுக்கு அழைப்பாக வந்து குவிந்தது. பிற்பாடு குறுந்தகட்டில் வெளியிட்டபோது அதை எடுத்தே விட்டார்கள். ‘திம்பிள்வீட் பார்க்’கிலும் தங்கள் பழைய விளையாட்டுகளைப் பற்றிய குறிப்புகள் அளவுக்கு மீறிப் போய்விட்டன. புதிதாக வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். கடைசியில் எரிச்சலூட்டும் உள்குத்துகள் வேண்டுமா வேண்டாமா என்று அமைப்புப் பக்கத்திலேயே ஒரு தெரிவு வைத்தார்கள். அந்தத் தெரிவே ஓர் உள்குத்து என்பது வேறு கதை.

இதைச் சரியாகச் செய்தவர் நம்மவர். மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுப் பாறையில் முனிவர் ஒற்றைக் காலில் நின்று கைகளைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறார். கொஞ்சம் கீழே ஒரு பூனை பின்னங்காலில் எழுந்து நின்று அதேபோலக் கைதூக்கித் தவம் செய்கிறது, சுற்றி எலிகள். ஏழாம் நூற்றாண்டுச் சிற்பியின் குசும்பு. பூனையைக் கவனிக்காமல் போகிறவருக்கும் தபசு முழுதாகக் கிடைக்கிறது. கவனித்தவருக்குக் கூடுதலாக ஒரு சிரிப்பு. கதை தெரியாத வெள்ளைக்காரருக்குக்கூட அந்தப் பூனை திருட்டுப் பூனை என்று புரிகிறது. உங்கள் கிண்டலை அங்கே வையுங்கள், பாதையின் ஓரத்தில். கதவுக்குச் சாவியாக வைக்காதீர்கள். கல்லி வல்லியைப் பற்றி முன்னால் சொன்னேன் அல்லவா? விளையாட்டின் முதல் காட்சியிலேயே அதற்கு என்ன அர்த்தம் என்று பக்காலா என்னும் மளிகைக் கடைக்காரர் வாயால் சொல்ல வைத்துவிடுங்கள். பிறகு எங்கே வேண்டுமானாலும் விடையாக வைக்கலாம்.

எங்கள் தெருவைப் பற்றிச் செய்தால் யார் விளையாடுவார்கள் என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. டொராண்டோவில் ஒரு சின்னக் குழு செய்த ‘வெண்பா’ விளையாட்டைப் பாருங்கள். 1980களின் கடைசியில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ் அம்மா, கிழிந்தும் அழிந்தும் போன சமையல் குறிப்பேடு, இட்லித் தட்டை எந்த வரிசையில் அடுக்குவது என்ற புதிர். வானொலியில் வரும் பாட்டுகள் அந்தந்தக் காலத்துத் தமிழ்த் திரையிசையின் சாயலில், காலம் மாற மாற மெட்டும் மாறி வரும். தமிழருக்கு அது ராஜா காலமா ரஹ்மான் காலமா என்று காதிலேயே விழும். மற்றவருக்கு நல்ல பாட்டு, அவ்வளவுதான், ஒன்றும் குறைந்துபோகவில்லை. 2023 ஜூலையில் வந்தது. அடுத்த ஆண்டு பாஃப்டாவில் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருதையும், சுயாதீன விளையாட்டு விழாவின் முதல் பரிசையும் வாங்கியது. இட்லிக்குக் கிடைத்த மரியாதை நம் குபூஸ் ரொட்டிக்குக் கிடைக்காதா?

அடுத்த சாக்கு எழுத்து. தமிழில் வசனம் போட்டால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் சிதறுகிறது, அதனால் ஆங்கிலத்திலேயே எழுதிவிட்டோம் என்று உங்களில் ஒரு தம்பி சொன்னார். தம்பி, நீங்கள் குடியிருக்கும் நாட்டின் கதையைக் கேளுங்கள். 1982இல் முகம்மது அல் ஷாரிக் என்ற குவைத்துக்காரர் அல் ஆலமியா நிறுவனத்தைத் தொடங்கினார். ஜப்பானியர் செய்து கொடுத்த எம்எஸ்எக்ஸ் வகை 8 பிட் கணினியில் அரபு மொழியைப் புகுத்தி ‘ஸக்ர்’ என்ற பெயரில் விற்றார். அரபு வலமிருந்து இடம் போகும். ஒரே எழுத்துக்குச் சொல்லின் முதலில் ஒரு வடிவம், நடுவில் ஒரு வடிவம், கடைசியில் ஒரு வடிவம். உங்கள் கைப்பேசியின் நிழலுக்குக்கூட நிகராகாத அந்தப் பெட்டியில் அதைச் செய்தார்கள். வளைகுடாவில் ஒரு தலைமுறை அதில்தான் அரபில் நிரல் எழுதிப் பழகியது; ‘அன்டார்டிக் அட்வெஞ்சர்’ பென்குயினை ஓட்டியதும் அதே வகைக் கணினியில்தான். 1990 ஈராக் படையெடுப்புக்குப் பிறகு நிறுவனம் கெய்ரோவுக்குப் போனது. உண்மையான பழைய பாணி உங்கள் காலடியிலேயே இருந்திருக்கிறது. ஸக்ர் கணினி ஒன்றையாவது உங்கள் விளையாட்டின் மூலையில் வைத்தீர்களா? இன்றைக்கு இலவசமாகக் கிடைக்கும் கோடோ 4 என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருள், தமிழ் எழுத்தைச் சிதறாமல் கோத்துக் காட்டுகிறது. ஆங்கிலத்துக்குப் போதும் 8க்கு 8 கட்டத்தில் ‘ணூ’வும் ‘ஞை’யும் அடங்காது, எழுத்துக்கு 16 புள்ளி உயரம் கொடுங்கள். வினைப் பலகை கொஞ்சம் பெரிதாகும். ஆகட்டும்.

நான் அவசரப்படுவதற்குக் காரணம் உண்டு. 2020 ஏப்ரலில் கொரோனாவுக்காக ஜலீபையும் மஹபூலாவையும் முழுதாக மூடினார்கள். மூன்று மாதத்துக்கும் மேலாக நாம் வெளியே போக முடியவில்லை. அந்த நாட்களில் பால்கனிக்குப் பால்கனி பேசிய பேச்சு, மொட்டை மாடியில் நடந்த கிரிக்கெட், பக்காலாக்காரருக்கு வைத்த பட்டப்பெயர், பேச்சிலர் அறைகளில் முறை போட்டுச் சமைத்தவர்கள் ஒருவர் குழம்பை ஒருவர் திட்டிய திட்டு எல்லாம் நமக்குள் எத்தனை கிண்டலாக விளைந்தது! அன்று அந்த அறைகளில் இருந்தவர்களில் பலர் ஊருக்குப் போய்விட்டார்கள். அவர்கள் பேசியதை எவரும் எழுதி வைக்கவில்லை. இங்கே யாருக்கும் நிரந்தர விலாசம் கிடையாது. நீங்களும் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் கோயம்புத்தூருக்கோ கனடாவுக்கோ போய்விடுவீர்கள். போன பிறகு நினைவிலிருந்து எழுதினால் தெரு அழகாகிவிடும். மழை பெய்தால் பள்ளத்தில் முழங்கால் அளவு நிற்கும் தண்ணீர் மறந்துபோகும். அந்தத் தண்ணீரோடு வேண்டும் எனக்கு.

ஆகவே என் வேண்டுகோள் இது. இப்போது செய்துகொண்டிருக்கும் கோட்டை, கப்பல், பேய் வீடு எல்லாவற்றையும் ஓரமாக வையுங்கள். அழிக்க வேண்டாம். நாலைந்து பேர் சேர்ந்து ஒரே ஒரு தெருவை எடுங்கள்: ஒரு கட்டடம், ஒரு லிஃப்ட், ஒரு பக்காலா, ஒரு டீக்கடை, விடியற்காலை சீருடையோடு பேருந்துக்குக் காத்து நிற்கும் நர்ஸ் அக்காமார். விளையாட்டு அரைமணி நேரம் ஓடினால் போதும். ‘திம்பிள்வீட் பார்க்’ உருவாகப் பணம் கொடுத்தவர்களின் பெயர்கள் அந்த ஊரின் தொலைபேசிப் புத்தகத்தில் இருக்கும். எண்ணைச் சுழற்றினால் அவர்கள் பேசி அனுப்பிய குரலே கேட்கும். நீங்கள் பணம் கேட்க வேண்டாம், குரலைக் கேளுங்கள். கட்டடத்தின் ஒவ்வொரு கதவு மணிக்கும் ஒரு குரல்: கட்டடக் காவலர் ஹாரிஸ், டிரைவர் அண்ணன், பக்கத்து வீட்டுச் சேச்சி, டீக்கடைக்காரர். அவர்களிடம் அனுமதி கேட்டு, பெயர் போடச் சம்மதமா என்றும் கேட்டு, சம்மதித்தவர் பெயரை முதல் திரையிலேயே போடுங்கள். ராபினெட் மாதிரி ஒளித்து வைக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

முடிந்ததும் வலையேற்றும் முன்னால் இரண்டு பேரிடம் கொடுங்கள். ஒருவர் குவைத்தையே பார்த்திராத உங்கள் ஊர் அத்தை மகன். இன்னொருவர், மவுஸைப் பிடிக்கத் தயங்கும் உங்கள் அம்மா. அத்தை மகன் சிக்கி நிற்கும் இடத்தில் கிண்டலைச் சாவியாக வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம், அதை மாற்றுங்கள். அம்மா சிரிக்காத இடத்தில் பொய் சொல்லியிருக்கிறீர்கள், அதை எடுத்துவிடுங்கள். மூன்றாவது ஆளாக எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் பக்கத்துத் தெருக்காரன்